விலங்கு வெருளாத தொலைவு

காட்டு விலங்கு ஒன்று தன்னை நோக்கி வரும் மனிதரைக் கண்டு எந்த இடைவெளியில் விலகி ஓடத் தொடங்குகிறதோ, அந்த இடைவெளியை விலங்கியலார் ‘வெருண்டோடும் தொலைவு’ என்று குறிப்பிடுவர். பெர்ன், பாசல், சூரிக் ஆகிய மூன்று நகரங்களின் விலங்குக் காட்சிச்சாலைகளை அடுத்தடுத்து நிர்வகித்த சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹெய்னி ஹெடிகர் (1908–1992) இக்கருத்துக்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். பார்வையாளரிடமிருந்து விலகிச் செல்லப் போதிய இடம் இல்லாத கூண்டில் அடைபட்ட விலங்கு ஓயாத அச்சத்திலேயே வாழ்கிறது என்பதைக் கண்டறிந்து, கூண்டின் அளவையும் அமைப்பையும் அந்தத் தொலைவை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். கூண்டுக்காக வகுக்கப்பட்ட இந்த அளவுகோல்தான், கூண்டே இல்லாத காட்டில் கேமராவுடன் நடப்பவருக்கும் முதன்மையாகத் தேவைப்படுகிறது.

வெருண்டோடும் தொலைவுக்கு வெளியே இன்னொரு வட்டமும், அதற்கு உள்ளே வேறொரு வட்டமும் உண்டு. வெளிவட்டத்தில் மனிதர் நுழைந்ததும் விலங்கு மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்திப் பார்க்கிறது. அது விழிப்புத் தொலைவு. தப்பிச் செல்ல வழியின்றி மடக்கப்பட்டோ, குட்டியை விட்டு நகர முடியாமலோ இருக்கும் விலங்கு, மனிதர் மேலும் நெருங்கினால் ஓடுவதற்குப் பதிலாகத் திருப்பித் தாக்கும். ஹெடிகர் அந்த இடைவெளியை இறுதி எல்லையாகத் தனியே பிரித்துக் காட்டினார். ஒளிப்படம் எடுக்கச் சென்று யானையிடமோ கரடியிடமோ உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளை ஆராய்ந்தால், அவர்களுள் பெரும்பாலோர் இந்த மூன்று வட்டங்களில் எதில் நிற்கிறோம் என்பதை அறியாமலேயே உள்வட்டம்வரை சென்றிருப்பது புலனாகும். விலங்கு எச்சரிக்கை கொடுக்காமல் தாக்கியது என்று பிறகு சொல்லப்படுகிறது. அது கொடுத்த எச்சரிக்கைகளைப் படிக்கத் தெரிந்த கண் அங்கு இல்லை என்பதே உண்மை.

இந்தத் தொலைவு ஓர் இனத்துக்கு ஒரே அளவாக இருப்பதில்லை. மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலைப் பகுதியில் சாலையோரம் நிற்கும் வரையாடு பார்வையாளர் சில மீட்டர் தொலைவில் கடந்து சென்றாலும் புல்லை விட்டு வாயை எடுப்பதில்லை. மனித நடமாட்டம் அரிதாக உள்ள மலைமுகடுகளில் அதே வரையாடு நெடுந்தொலைவிலேயே ஆளைக் கண்டு பாறைச் சரிவுகளுக்குள் மறைந்துவிடுகிறது. வேட்டையாடப்பட்ட நினைவு, குட்டி ஈன்ற பருவம், கூட்டத்தின் அளவு, பசி, ஒதுங்கும் புகலிடம் எவ்வளவு அருகில் உள்ளது என்பது, மனிதர் வரும் வேகம், வரும் திசை என எத்தனையோ காரணங்கள் சேர்ந்து அன்றைய நாளின் அந்த நேரத்துக்குரிய தொலைவை முடிவு செய்கின்றன. ஆகையால் சட்டமும் பூங்கா விதிகளும் மீட்டர் கணக்கில் கூறும் எல்லைகள் குறைந்தபட்ச வேலிகளேயன்றி, அவற்றைத் தாண்டாதிருந்தால் விலங்குக்குத் தொந்தரவு இல்லை என்பதற்குச் சான்றுகள் ஆகா. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் கரடி, ஓநாய் ஆகியவற்றிடமிருந்து ஏறத்தாழ 91 மீட்டரும் காட்டெருது முதலிய பிற விலங்குகளிடமிருந்து 23 மீட்டரும் விலகி நிற்க வேண்டும். இந்தியாவில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகள் எல்லாக் காட்டு விலங்குகளிடமிருந்தும் 20 மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியையும், ஒரே வழியில் செல்லும் வாகனங்களுக்கிடையே 50 மீட்டர் இடைவெளியையும் வேண்டுகின்றன. குட்டியுடன் நிற்கும் பிடியானைக்கு 20 மீட்டர் என்பது எவ்வகையிலும் போதாது.

மீட்டர் கணக்கைக் காட்டிலும் ஏமாற்றக்கூடியது விலங்கின் அமைதி. ஓடாமல் நிற்கும் விலங்கு அஞ்சவில்லை என்று கருதுவது கானுயிர் ஒளிப்படக்காரரிடம் பரவலாகக் காணப்படும் தவறு. அதனைத் தகர்க்கும் சான்றுகளுள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கருங்கரடிகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. கரடிகளின் தோலுக்கடியில் இதயத் துடிப்பைப் பதியும் சிறு கருவிகளைப் பொருத்திய ஆய்வாளர்கள், அவற்றுக்கு மேலே ட்ரோன்களைப் பறக்கவிட்டுப் பார்த்தனர். பெரும்பாலான வேளைகளில் கரடிகள் ஓடவில்லை, இடம் மாறவும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை ட்ரோனைப் பொருட்படுத்தவே இல்லை என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் கருவிகளோ எல்லாக் கரடிகளின் இதயத் துடிப்பும் ஏறியதைப் பதிந்தன. ஒரு கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு 41 என்ற நிலையிலிருந்து 162 ஆக, ஏறக்குறைய நான்கு மடங்காக உயர்ந்தது. குளிர்கால உறக்கத்துக்காகக் கொழுப்பைச் சேமிக்க வேண்டிய உயிருக்கு இத்தகைய படபடப்பு வெறும் மனக்கலக்கமாக நின்றுவிடாது. அது உடலின் இருப்பிலிருந்து செலவழியும் ஆற்றல்.

ஆற்றல் செலவு என்னும் இக்கணக்கை வலசைப் பறவைகளிடம் இன்னும் துல்லியமாகக் காணலாம். கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளான் ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள, உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு கரைப்பறவை; ஆர்க்டிக் பகுதியின் பனிச் சமவெளிகளில் முட்டையிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இந்தியக் கரைகளுக்கு வந்து, இளவேனிலில் மீண்டும் வடக்கே பறந்து செல்கிறது. அப்பயணத்துக்குத் தேவையான கொழுப்பை அது இங்குள்ள சேற்றுப் பரப்பில், நீர் வடிந்து கிடக்கும் சில மணிநேரங்களில் இரையெடுத்துத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டம் முழுவதும் ஒருசேர எழுந்து வானில் திரும்பும் காட்சி படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கரையில் ஓடியோ கைதட்டியோ பறவைகளைக் கிளப்புவோர் உண்டு. ஒவ்வொரு முறை கிளப்பப்படும்போதும் இரையெடுக்கும் நேரம் குறைகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது. ஒரே நாளில் பலர் வந்து இதையே செய்யும்போது ஏற்படும் இழப்பை அவர்களுள் எவரும் காண்பதில்லை.

எனவே விலங்கு ஓடுகிறதா என்று பார்ப்பதை விட, ஓட்டத்துக்கு முந்தைய அறிகுறிகளைப் படிக்கக் கற்பதே இக்கலையின் முதல் பாடமாக இருக்க வேண்டும். யானையை எடுத்துக்கொண்டால், அமைதியாக மேயும் யானையின் காதுகள் உடற்சூட்டைத் தணிப்பதற்காகச் சீராக அசைந்துகொண்டே இருக்கும். வாலும் தளர்ந்து ஆடும். துதிக்கை புல்லைச் சுருட்டுவதும், காலில் தட்டி மண்ணை உதிர்ப்பதும், வாயில் வைப்பதுமாகத் தன் வேலையில் இருக்கும். அந்தக் காதசைவு சட்டென்று நின்றுவிட்டால் யானை உற்றுக் கேட்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்து, துதிக்கையின் நுனி மடங்கி ஆள் நிற்கும் திசையை நோக்கி உயர்ந்து மோப்பம் பிடிக்கும். முன்காலைத் தரையிலிருந்து சிறிது தூக்கி முன்னும் பின்னும் ஆட்டுவது, தேவையின்றி மண்ணை வாரித் தன்மேல் இறைத்துக்கொள்வது, பிடுங்கிய புல்லை உண்ணாமல் துதிக்கையில் வைத்துக்கொண்டே நிற்பது ஆகியவை முன்வருவதா விலகுவதா என்று தீர்மானிக்க முடியாத நிலையின் அடையாளங்கள். காதுகளை அகல விரித்து, தலையை உயர்த்தி, வாலை விறைத்து நேராக எதிர்கொள்ளும் நிலை வந்துவிட்டால் விலகுவதற்கான நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது. கண்ணுக்கும் காதுக்கும் இடையே நீர் வழிந்து கன்னம் கறுத்திருக்கும் மதங்கொண்ட களிற்றிடம் இந்த வரிசைமுறையையும் எதிர்பார்க்க இயலாது. காதை விரித்துத் துதிக்கையைத் தூக்கிய யானையின் படம் வார இதழ்களின் அட்டைகளில் கம்பீரத்தின் சின்னமாக இடம்பெறுவது வருத்தத்துக்குரியது; அது பெரும்பாலும் எரிச்சலூட்டப்பட்ட ஒரு விலங்கின் படம், எடுத்தவர் நெருங்கிச் சென்றார் என்பதற்கான வாக்குமூலம். அமைதியான யானையின் படத்தை எடுக்க அதிகப் பொறுமை வேண்டும் என்பதும், அந்தப் பொறுமைக்குப் பத்திரிகைகள் உரிய மதிப்பளிப்பதில்லை என்பதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

புள்ளிமானும் கடமானும் முன்காலால் தரையைத் தட்டுவதும், வாலை நிமிர்த்துவதும், கூர்மையாகக் குரல் எழுப்புவதும் காட்டில் நடப்போர் பலரும் அறிந்தவையே. குரங்கின் கொட்டாவி பலவேளைகளில் தூக்கத்தின் விளைவன்று. கோரைப் பற்களை வெளிக்காட்டும் மிரட்டல் அது. விலங்கு ஒன்று படமெடுப்பவரைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், செய்துகொண்டிருந்த வேலையை அவர் பொருட்டு விட்டுவிட்டால், அவர் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து நகர்ந்தால் அவர் பின்வாங்க வேண்டும். அவ்வாறு பின்வாங்கிய பிறகு அது மீண்டும் மேயத் தொடங்கும் இடைவெளிதான் அன்றைக்குரிய சரியான தொலைவு.

அத்தொலைவைக் குறைப்பதற்கு நேர்மையான வழிகள் இல்லாமலில்லை. பாலூட்டிகளுள் பலவற்றுக்குக் கண்ணைவிட மூக்கே முதன்மையான புலன் ஆகையால், காற்று விலங்கிடமிருந்து மனிதரை நோக்கி வீசும் பக்கத்தில் இருப்பதே அடிப்படைத் தேவை. யானை, கரடி, காட்டுமாடு போன்ற ஆபத்தான விலங்குகளிடம் இவ்விதியைத் தனித்துக் கையாள்வது தவறு, ஏனெனில் ஆள் இருப்பதே அறியாத விலங்கு திடீரென்று மிக அருகில் மனிதரைக் காணும்போதுதான் மிகக் கடுமையாக வெருளுகிறது. மான் இனங்களின் கண்கள் சிவப்பையும் ஆரஞ்சையும் சரிவரப் பிரித்தறிவதில்லை. பறவைகளோ மனிதர் காணும் நிறங்களுக்கு அப்பால் புறஊதா ஒளியையும் காண்கின்றன. சலவைத்தூள்களில் வெண்மையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் புறஊதா ஒளியை வாங்கி நீலமாக வெளியிடுவதால், வெளுத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை காட்டில் எவ்வளவு பொருந்தாத உடை என்பது இதிலிருந்து விளங்கும். நேர்கோட்டில் கண்ணோடு கண் நோக்கியபடி விலங்கை அணுகுவது வேட்டை விலங்கின் நடை; சாய்வாக, வேறெங்கோ செல்பவர்போல், அடிக்கடி நின்று, உடலைத் தாழ்த்தி நகர்பவரை விலங்குகள் குறைவாகவே சந்தேகிக்கின்றன. நடப்பதைவிட அமர்ந்திருப்பது மேலானது. நீர்நிலையோரத்தில் விடியலுக்கு முன்பே அமைதியாக அமர்ந்துவிட்டவரைத் தேடி விலங்குகளே தம் விருப்பப்படி வருகின்றன, தம் தொலைவைத் தாமே தீர்மானித்துக்கொள்கின்றன. படத்தின் தரமும் அங்கேதான் உயர்கிறது.

மறைந்திருந்து படமெடுக்கும் முறைக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ரிச்சர்ட், செர்ரி கியர்டன் சகோதரர்கள் 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றி வெளியிட்ட நூல், முழுவதும் இயற்கைச் சூழலில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களைக் கொண்ட முன்னோடி நூல்களுள் ஒன்று. பின்னர் அவர்கள் உள்ளே ஆள் ஒளிந்துகொள்ளக் கூடிய பொய் எருது ஒன்றைத் தோலால் செய்து, மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி, அதனுள்ளிருந்து பறவைகளைப் படமெடுத்தனர். அன்றைய கேமராக்களுக்குத் தொலைநோக்கு லென்ஸின் வசதி போதிய அளவு இல்லாததால் மனிதர் மறைய வேண்டியிருந்தது. 400, 600 மில்லிமீட்டர் லென்ஸ்கள் கிடைக்கும் இக்காலத்திலும் மறைவிடம் பயனற்றுப் போகவில்லை. பறவைக்குப் பழகும்படி மறைவிடத்தைத் தொலைவில் அமைத்து, நாளுக்குச் சிறிதாக முன்னகர்த்தி, இறுதியில் இருவராக உள்ளே சென்று ஒருவர் மட்டும் வெளியேறினால் ஆள் போய்விட்டார் என்று பறவை அமைதியடையும் என்பது பழைய ஒளிப்படக்காரர்களின் நடைமுறை அறிவு. வாகனமும் ஒருவகை மறைவிடமே. பூங்காக்களில் விலங்குகள் ஜீப்பை அதிலுள்ள மனிதரோடு சேர்த்து ஒற்றை உருவமாகக் கருதிப் பழகியிருக்கின்றன. கதவைத் திறந்து ஒருவர் இறங்கிய கணத்தில் அல்லது எழுந்து நின்று கையை நீட்டிய கணத்தில் அந்த உருவம் உடைந்து மனிதர் வெளிப்படுகிறார், விலங்கும் வெருண்டுவிடுகிறது. இஞ்சினை அணைப்பது, கண்ணாடி மடங்கும் ஓசை இல்லாத மிரர்லெஸ் கேமராவின் மௌன ஷட்டரைப் பயன்படுத்துவது, மெதுவாகவே கையசைப்பது ஆகியவை சிறியனவாகத் தோன்றினாலும் பயன் மிகுந்தவை.

மனிதர் அங்கு இல்லாமலே படமெடுக்கும் முறையை இந்தியக் காடுகளில் வளர்த்தவர் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற ஆங்கிலேய வன அலுவலர். ஐக்கிய மாகாணங்களில் பணியாற்றிய அவர், புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, புலியின் கால் பட்டதும் கேமராவும் ஒளித்தூளும் இயங்கும்படி அமைத்து எடுத்த படங்களை 1927இல் நூலாக வெளியிட்டார். இன்றைய தானியங்கி கேமராக்கள் அதன் வழித்தோன்றல்கள். 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் அவை பொருத்தப்பட்டன. ஆனால் அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் தானியங்கி கேமராக்களையும் சில விலங்குகள் பார்க்கின்றன, அவை எழுப்பும் நுண்ணிய ஒலியைக் கேட்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளமையால், ஆள் இல்லாமையே தொந்தரவு இல்லாமை ஆகிவிடாது.

தமிழகத்தைப் பொறுத்தவரை இத்துறையில் தனித்து நிற்பவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே பொருத்தி உருவாக்கிய கேமராவைக் கொண்டு, வனத்துறையின் பழக்கிய யானைகளின் மேல் அமர்ந்தும் கால்நடையாகவும் தென்னிந்தியப் பாலூட்டிகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அவருக்குப் படம் என்பது இயற்கையியல் குறிப்புடன் சேர்ந்தே வருவது. விலங்கை அறிய வேண்டும் என்ற நோக்கம் முன்னே நின்று கேமரா அதன் பின்னே செல்லும் இந்த ஒழுங்கு, விலை உயர்ந்த கருவிகள் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில் தலைகீழாகிவிட்டது என்பதை மறுக்க முடியாது.

தொலைவைப் பற்றி இதுவரை சொன்னவையெல்லாம் விலகிச் செல்ல வாய்ப்புள்ள விலங்குகளுக்குப் பொருந்தும். கூட்டிலிருக்கும் பறவைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே கூட்டைப் படமெடுப்பதுதான் இக்கலையின் மிகக் கடினமான அறச்சிக்கல். ஆள்காட்டிக் குருவி என்று ஊர்ப்புறங்களில் அழைக்கப்படும் பறவை ஏரிக்கரையிலும் தரிசிலும் கூழாங்கற்களுக்கிடையே, கூடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல், சரளைக் கற்களைப் போலவே புள்ளியிட்ட நான்கு முட்டைகளை இடுகிறது. கோடையின் நடுப்பகலில் பெற்றோருள் ஒன்று முட்டைகளின் மேல் நின்று நிழல் தருகிறது. நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளின் மேல் அமர்ந்து குளிர்விப்பதும் உண்டு. படமெடுக்க வந்தவர் அருகே நிற்கும் நேரம் முழுவதும் இரு பறவைகளும் தலைக்கு மேலே வட்டமிட்டு, கத்தி, பாய்ந்து இறங்கி விரட்டப் பார்க்கின்றன. ஆவேசமாக இறங்கிவரும் பறவையின் படம் நன்றாக வருகிறது. அந்த அரைமணி நேரத்தில் முட்டைகள் வெயிலில் வெந்துகொண்டிருக்கின்றன, ஆள் எதை உற்றுப் பார்க்கிறார் என்பதைக் காகங்களும் கவனித்துக்கொண்டிருக்கின்றன. படமெடுத்தவர் அன்று மாலை வீடு திரும்பும்போது அந்த முட்டைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய வழியே இல்லை. அறிய வழி இல்லாததனாலேயே பழக்கம் தொடர்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும் இருவாச்சியிடம் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. பெண் பறவை மரப்பொந்துக்குள் நுழைந்து, வாயிலை எச்சத்தாலும் உணவு மிச்சங்களாலும் பூசி, அலகின் நுனி மட்டும் நீளும் அளவுக்குக் குறுகிய பிளவை விட்டு அடைத்துக்கொண்டு, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளரும்வரை வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கிறது. இத்தனை நாட்களும் அத்திப்பழங்களையும் பிற இரையையும் கொண்டுவருவது ஆண் பறவை ஒன்றுதான். பொந்துக்குக் கீழே கேமராவை முக்காலியில் நிறுத்திப் பலர் காத்திருந்தால், எச்சரிக்கை மிகுந்த ஆண் இருவாச்சி தொண்டையில் பழங்களைத் தேக்கியபடி தொலைவிலுள்ள மரத்தில் அமர்ந்து பார்க்கிறதேயன்றிப் பொந்துக்கு வருவதில்லை. கீழே நிற்போருக்கு அன்றைய நாள் வாய்க்கவில்லை என்று மட்டுமே படும். உள்ளே இருப்பவற்றுக்கோ அது உணவின்றிக் கழிந்த பொழுது. மோயாறு பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில் கூடு கட்டும் பாறு கழுகுகள் ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடுகின்றன என்பதையும் இங்கே கருத வேண்டும். அந்த ஒன்று வீணானால் அந்த இணைக்கு அந்த ஆண்டே வீணாகிறது.

கூட்டை நெருங்குவது படமெடுப்பவருக்கும் விலையின்றி முடிவதில்லை. பிரிட்டனின் புகழ்பெற்ற பறவை ஒளிப்படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூடு ஒன்றின் அருகே, குஞ்சைக் காக்கப் பாய்ந்த தாய்ப்பறவையின் நகம் பட்டு இடக்கண்ணை இழந்தார். இந்தியச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வதும் பிடிப்பதும் மட்டுமன்றி, விலங்கை விரட்டுவதும், இரை வைத்து ஈர்ப்பதும், பறவைகள் ஊர்வன ஆகியவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அடங்கும். சரணாலயத்துக்குள் ஒளிப்படம் எடுக்க அனுமதி பெற வேண்டும் என்பதும், அங்கு எந்த விலங்கையும் சீண்டலாகாது என்பதும் அதே சட்டத்தின் விதிகள். துப்பாக்கி இல்லாததால் தாம் வேட்டைக்காரர் அல்லர் என்று நம்புவோர் இவ்விளக்கத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

இரவில் நடமாடும் உயிர்களிடம் அச்சுறுத்தல் ஒளியின் வழியாக வருகிறது. தேவாங்கின் முகத்தில் பாதியை நிறைக்கும் கண்களின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உள்ளது. விண்மீன் வெளிச்சத்தில் பூச்சியைப் பிடிப்பதற்கென அமைந்த அந்தக் கண்ணில் ஃபிளாஷ் ஒளி அருகிலிருந்து பாய்ந்தால் அது சிறிது நேரமாவது பார்வை தடுமாறிக் கிளையில் உறைந்து நிற்கிறது. அதனை அமைதி என்று தவறாகக் கொள்வது எளிது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சேர்ந்த கடவூர்ப் பகுதியில் 2022இல் 11,806 ஹெக்டேர் பரப்பில் தேவாங்குக்கெனத் தனிச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, அவ்விலங்கைக் காணும் ஆர்வமும் கூடியுள்ளது. இரவாய்வு செய்வோர் பயன்படுத்தும் மங்கலான சிவப்பு விளக்கே அங்கு செல்வோருக்கும் உகந்தது. சென்னைக் கடற்கரையில் ஆண்டுத் தொடக்கத்தில் முட்டையிட வரும் பங்குனி ஆமை, அலையிலிருந்து மணலில் ஏறும் கட்டத்தில் விளக்கையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் மேல் தெரியும் வெளிச்சத்தை நோக்கி ஊர்பவை ஆகையால், கைப்பேசி விளக்குகூட அவற்றைத் திசைமாற்றப் போதுமானது. 1988 முதல் இக்கரையில் இரவுதோறும் நடந்து முட்டைகளைக் காத்துவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினருடன் செல்வோரிடம் ஃபிளாஷ் கூடாது என்று கேட்டுக்கொள்ளப்படுவது இக்காரணத்தாலேயே.

விலங்கை அச்சுறுத்தாமல், அதே வேளையில் ஏமாற்றிப் படமெடுக்கும் வழிகளும் பெருகியுள்ளன. பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் போட்டியாளன் புகுந்துவிட்டான் என்று கருதும் ஆண் பறவை மறைவிலிருந்து வெளிவந்து, இல்லாத எதிரியைத் தேடி இரையெடுக்கும் நேரத்தைச் செலவிடுகிறது. தவளைகளையும் பாம்புகளையும் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து, இலைமேல் அடுக்கி எடுத்த படங்கள் ‘இயற்கையின் விந்தை’ என்ற பெயரில் உலவுகின்றன. தோல் வழியே நீரையும் காற்றையும் உள்வாங்கும் தவளைக்கு மனிதர் கையில் படிந்துள்ள உப்பும் கொசுவிரட்டிக் களிம்பும் ஊறு விளைவிப்பவை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உலகப் புகழ்பெற்ற கானுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அந்த ஓநாய் பழக்கப்பட்டது என்று நடுவர்கள் முடிவு செய்ததால் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புண்ணிப் படமும் பாடம் செய்யப்பட்ட விலங்கைக் கொண்டது என்ற முடிவின் பேரில் பின்னர் விலக்கப்பட்டது.

உணவு கொடுத்துப் பழக்குவது இவற்றினும் நீண்ட தீங்கை விட்டுச் செல்கிறது. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தின் சிறு காட்டுத் துண்டில் வாழும் சோலைமந்திகள், உயர்ந்த மரக்கிளைகளை விட்டுப் பெரும்பாலும் இறங்காத இனத்தைச் சேர்ந்தவை; காடு துண்டாடப்பட்டதனாலும், பயணிகள் வீசும் தின்பண்டங்களாலும் அவை சாலைக்கு வந்து வாகனங்களில் அடிபடத் தொடங்கியதால், சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்ட வேண்டியதாயிற்று. வெருண்டோடும் தொலைவு அறவே இல்லாமற்போன விலங்கு படமெடுப்பதற்கு வசதியானது, வாழ்வதற்கோ ஆபத்தானது. அதன் அச்சம் அதற்குத் தேவையான உடைமை. இரவிகுளத்தில் வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில் பூங்காவையே பார்வையாளருக்கு மூடிவிடும் நடைமுறை, மனிதருக்குப் பழகிய விலங்குக்கும் மனிதரிடமிருந்து ஓய்வு தேவை என்பதை ஏற்றுக்கொள்கிறது.

படம் எடுத்து முடிந்த பிறகும் பொறுப்பு முடிவதில்லை என்பதை இந்தப் பத்தாண்டுகளில்தான் பலர் உணரத் தொடங்கியுள்ளனர். கைப்பேசியும் இன்றைய கேமராக்கள் சிலவும் படத்தின் கோப்பிலேயே இடத்தின் ஆயத்தொலைவைப் பதிந்துவிடுகின்றன. அரிய ஆந்தையின் பகல் உறைவிடமோ பொந்தோ இவ்வாறு வெளியாகிவிட்டால், மறுவாரமே அங்கே கூட்டம் கூடுகிறது, கடத்தல்காரருக்கும் அது வழிகாட்டியாகிறது. பறவை நோக்குவோர் தம் பதிவுகளைச் சேர்க்கும் ‘இ-பேர்ட்’ தளம் அத்தகைய இனங்களின் இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவைக்கிறது. அவ்விடங்களைப் பற்றி எழுதும்போது மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதும், கோப்பிலிருந்து இடக்குறிப்பை நீக்குவதும், விலங்கு எந்தத் தொலைவிலிருந்து எந்த லென்ஸால் எடுக்கப்பட்டது என்பதையும் அது காட்டில் தன்னிச்சையாக இருந்ததா, இரை வைத்து வரவழைக்கப்பட்டதா என்பதையும் படக்குறிப்பில் தெரிவிப்பதும் இதழாசிரியர்கள் கட்டாயமாக்கக் கூடியவை. அவர்கள் கேட்கத் தொடங்கினால் படமெடுப்போரும் அதற்கேற்பக் களத்தில் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்வர்.